பதிலை விளையாடுபவர் எங்கே சொல்வார்?

வாசகர் கேள்வி: நாங்கள் மூன்று பேர், ஒரு போட்டிக்காகத் துப்பறியும் வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறோம். ஒருவர் புரோகிராமர், ஒருவர் ஓவியர், நான் கதை எழுதுபவன். கலங்கரை விளக்கத்தில் ஒரு கொலை. ஏழு சந்தேக நபர்கள், ஐந்து இடங்கள், விளையாடுபவர் எடுக்கும் முடிவைப் பொறுத்து மாறும் கிளைகள், பல கிளைமாக்ஸ்கள். கொலையான விளக்குக் காவலர் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பதிவேட்டில் எழுதுவார், முக்கியத் துப்பு அதில்தான் இருக்கிறது. நான்கு மாதம் ஓடிவிட்டது. கதை எண்பது பக்கம் வந்துவிட்டது, இரண்டு இடங்களின் ஓவியம் முடிந்துவிட்டது, பாத்திரம் நடக்கிறது, பேசுகிறது. ஆனால் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறைகூட விளையாடிப் பார்க்க முடியவில்லை. சமர்ப்பிக்க இன்னும் ஆறு வாரம். எதை வெட்டுவது என்று தினமும் சண்டை. கதையை வெட்டினால் கேம் செத்துவிடும் என்று பயமாக இருக்கிறது. ராத்திரி பகலாக உட்கார்ந்தால் முடித்துவிடலாமா, இல்லை விட்டுவிடலாமா? கதைச் சுருக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

விட வேண்டாம். ஆறு வாரத்தில் நல்ல துப்பறியும் கேம் ஒன்றை முடிக்கலாம், நீங்கள் எழுதி வைத்திருக்கும் கேமை முடிக்க முடியாது. இந்த இரண்டையும் மூன்று பேரும் இன்றைக்கே ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பல வருடங்களாக நான் கேம்களுக்குக் கதையும் டயலாக்கும் எழுதுகிறேன், அவற்றில் துப்பறியும் கேம்கள்தான் அதிகம், டெட்லைன் கழுத்தை நெரிக்காமல் முடிந்தது ஒன்றுகூட இல்லை. அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

உங்கள் கடிதத்தையும் சுருக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். யார் கொன்றார், ஏன், எப்படி என்று எல்லாம் இருக்கிறது. ஒன்றை மட்டும் தேடித் தேடிப் பார்த்தும் காணவில்லை. விளையாடுபவர் கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை அவர் கேமிடம் எப்படிச் சொல்வார்? ஒரு பெயரை அழுத்துவாரா, ஒரு வாக்கியத்தைப் பூர்த்தி செய்வாரா, ஒருவர் பொய் சொல்லும்போது மறித்து ஆதாரத்தைக் காட்டுவாரா? இது நீங்கள் அனுப்பியதில் எங்குமே இல்லை. நான்கு மாதம் ஆகியும் கேம் கடைசிவரை போகாததற்குக் காரணம் நேரப் பற்றாக்குறை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது, போய்ச் சேர வேண்டிய இடத்தையே நீங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை.

எதை வெட்டுவது என்ற சண்டையும் இதிலிருந்துதான் வருகிறது. பதில் சொல்லும் முறை முடிவாகிவிட்டால், அந்தப் பதிலுக்கு வழிகாட்டாத எதுவும் தானாக வெளியே நிற்கும், யாரும் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஏஸ் அட்டர்னி என்ற நீதிமன்றத் துப்பறியும் கேம் வரிசையின் முதல் கேம் 2001-ல் ஜப்பானில் வெளிவந்தது. ஏழு பேர் பத்து மாதத்தில் செய்தது அது. அதை இயக்கிய ஷூ டக்குமி முதலில் ஒரு தனியார் துப்பறிவாளரைத்தான் நாயகனாக வைத்திருந்தார். அந்த கேமில் விளையாடுபவர் செய்யப்போகும் வேலை சாட்சி சொல்வதில் உள்ள முரண்பாட்டைப் பிடிப்பது, அதற்குச் சரியான இடம் நீதிமன்றம் என்று பிறகு புரிந்ததும் நாயகனை வக்கீலாக மாற்றிவிட்டார். விளையாடுபவர் என்ன செய்வார் என்பது முடிவானது, அதற்கு ஏற்றபடி கதைக்களமே மாறியது. நீங்கள் எதிர்த்திசையிலிருந்து வந்திருக்கிறீர்கள், அதில் தவறில்லை, கதை எழுதுபவர்கள் எல்லோரும் அப்படித்தான் வருவோம், ஆனால் இப்போது ஒரு நாள் நின்று இந்த முடிவை எடுத்தே ஆக வேண்டும்.

ஆறு வாரத்துக்கு நான் பரிந்துரைப்பது, கடைசியில் ஒரே ஒரு திரை. அதில் மூன்று கேள்விகள். காவலரைக் கொன்றது யார், அவர் இறந்தது எந்த நேரத்தில், அங்கே கிடைத்தவற்றில் எது போலி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, தயவுசெய்து புரோகிராமரிடம் காட்டுங்கள். எந்த பதில் சரி, எது தப்பு என்று தனித்தனியாகச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு அழுத்துபவர்கூட நான்கே முயற்சியில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார். மூன்றும் சேர்ந்து சரியானால் மட்டுமே சரி என்று சொன்னால் 64 சேர்க்கைகள். அத்தனையையும் அழுத்திப் பார்ப்பதைவிட யோசிப்பது சுலபம், அதனால் யோசிப்பார். 2018-ல் லூகாஸ் போப் செய்த ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் கேமில் ஒரு கப்பலில் இருந்த 60 பேருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும், மூன்று பேருடைய கதி சரியாக எழுதப்பட்டால்தான் கேம் உறுதிசெய்யும். தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல் கேமில் சேகரித்த சொற்களால் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும், தப்பு இரண்டோ அதற்குக் குறைவோ இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் சொல்லும், எது தப்பு என்று சொல்லாது. அந்த மெல்லிய உதவியை நீங்களும் வைத்துக்கொள்ளலாம், 'ஒன்று மட்டும் இடிக்கிறது' என்று ஒரு வரி. விளையாடுபவர் எரிச்சலில் மூடிவிட்டுப் போகாமல் இருக்க அது போதும்.

அந்தத் திரையின் சொற்களையும் கவனியுங்கள். 2011-ல் வந்த எல்.ஏ. நுவார் கேமில் விசாரணையின்போது உண்மை, சந்தேகம், பொய் என்று மூன்று பட்டன்கள். சந்தேகம் என்று அழுத்தினால் நாயகன் எதிரே இருப்பவர்மேல் பாய்ந்து மிரட்டுவான், மெல்ல ஒரு கேள்வி கேட்கப்போகிறான் என்று நினைத்து அழுத்தியவர்கள் திகைத்துப்போனார்கள், 2017 மறுவெளியீட்டில் அந்தச் சொற்களையே மாற்றிவிட்டார்கள். பட்டனில் இருக்கும் சொல்லும் அதை அழுத்தினால் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்குக் கூடுதல் நேரம் ஒன்றும் ஆகாது, ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் போதும்.

சரி, இப்போது வெட்டுவது.

கிளைகள் முழுக்கப் போக வேண்டும். விளையாடுபவர் ஐந்து இடங்களில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு தேர்வும் கதையை மாற்றினால் 32 பாதைகள், ஒவ்வொன்றிலும் துப்புகள் முரண்படாமல் இருக்க வேண்டும். மூன்று பேரால் ஆறு வாரத்தில் அதைச் சரிபார்க்கவே முடியாது, எழுதுவது இருக்கட்டும். துப்பறியும் கேமில் சுதந்திரம் என்பது எந்த வரிசையில் வேண்டுமானாலும் தேடலாம் என்பதில் இருந்தாலே நிறைவாக இருக்கும். 2015-ல் வந்த ஹெர் ஸ்டோரி கேமில் கதை மாறுவதே இல்லை, ஒரு பெண்ணின் விசாரணை வீடியோத் துணுக்குகள் 271, அவற்றில் சொற்களைப் போட்டுத் தேடலாம், ஒரு தேடலுக்கு முதல் ஐந்து துணுக்குகள் மட்டுமே பார்க்கக் கிடைக்கும். அவ்வளவுதான் கேம். ஆனால் அதை விளையாடிய இரண்டு பேர் ஒரே வரிசையில் உண்மையை அடைந்திருக்க மாட்டார்கள்.

சந்தேக நபர்கள் ஏழிலிருந்து நான்கு. உங்கள் சுருக்கத்தில் 22 துப்புகள் இருக்கின்றன, எல்லாத் துப்பையும் எல்லோரிடமும் காட்டலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏழு பேருக்கு 154 பதில்கள் எழுத வேண்டும், அவற்றில் குறைந்தது நூறு 'இதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது' என்றுதான் இருக்கும். நான்கு பேர், பத்துத் துப்பு என்றால் நாற்பது. நாற்பதையும் ஒவ்வொன்றாக இழைத்து எழுதலாம், ஒருவர் பதற்றத்தில் துப்பை இரண்டு முறை திருப்பிப் பார்க்கட்டும், இன்னொருவர் அதைத் தொடவே மறுக்கட்டும். நீங்கள் எழுதிய வியாபாரியும் மீனவரும் நல்ல பாத்திரங்கள், எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் அந்த இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒரே ஒரு விஷயம், அதை ஒருவர் வாயில் வைத்துவிடலாம்.

இடங்கள் ஐந்திலிருந்து இரண்டு, அதுவும் ஓவியர் ஏற்கெனவே முடித்திருக்கும் அந்த இரண்டு, விளக்கு அறையும் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் காவலர் அறையும். நான்கு மாதத்தில் உங்கள் குழுவில் முழுசாக முடிந்த பொருள் அது ஒன்றுதான். அதை மதித்து வழக்கை அதற்குள் கொண்டுவாருங்கள், ஓவியரிடம் வெட்டு பற்றிப் பேசுவதும் சுலபமாகிவிடும். படகுத்துறையில் நடக்கும் காட்சியை ஒரு சாட்சி ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்லட்டும்.

இனி பதிவேடு. உங்கள் கதையின் உயிர் இதுதான், மற்றதையெல்லாம் வெட்டச் சொல்லிவிட்டு இதில் மட்டும் நேரத்தைக் கொட்டச் சொல்கிறேன். பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி. விளக்கின் நிலை, காற்றின் திசை, எண்ணெய் அளவு. காவலர் இறந்தது இரண்டரைக்கு, ஆனால் நான்கு மணிக் கட்டத்திலும் எழுத்து இருக்கிறது. செத்தவர் எழுதியிருக்க முடியாது! அதை விளையாடுபவர் தானாகக் கவனிக்கும் கணத்துக்காகத்தான் ஆறு வாரமும் நீங்கள் வேலை செய்யப்போகிறீர்கள். அதனால் அங்கே துப்பறிவாளர் வாயைத் திறக்கக் கூடாது. உங்கள் டயலாக்கில் பதிவேட்டைத் திறந்ததுமே 'விசித்திரமாக இருக்கிறதே, நான்கு மணிக்கு யார் எழுதியது?' என்று அவர் கேட்டுவிடுகிறார். அந்த வரியை எடுத்துவிடுங்கள். விளையாடுபவர் கண்டுபிடிக்க வேண்டியதைப் பாத்திரம் முந்திக்கொண்டு கண்டுபிடித்தால் அப்புறம் அவருக்கு அங்கே என்ன வேலை?

எழுதியது காவலரின் உதவியாளர் என்று தெரிய, ஏழு என்ற எண்ணின் நடுவில் குறுக்குக் கோடு போடும் பழக்கம் அவருக்கு இருப்பதாக வைத்திருக்கிறீர்கள். காவலரின் ஏழில் கோடு இல்லை, நான்கு மணி எண்ணெய் அளவில் இருக்கும் 17-ல் கோடு இருக்கிறது, உதவியாளர் எழுதிய சாமான் பட்டியலிலும் இருக்கிறது. அருமையான துப்பு. ஆனால் இது ஒன்றையே நம்பி இருக்காதீர்கள். சின்னத் திரையில் அந்தக் கோடு தெரியாமல் போகலாம், சிலர் அதை ஓவியரின் பாணி என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்-பிளேயிங் கேம்களுக்காக ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008-ல் எழுதிய ஒரு விதி எனக்கு இன்றுவரை கைகொடுக்கிறது, விளையாடுபவர் அடைய வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள் என்பது அது. ஒன்றைத் தவறவிடுவார், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார், மூன்றாவதில் பிடித்துக்கொள்வார். உங்களுக்குக் குறுக்குக் கோடு ஒன்று. நான்கு மணிப் பதிவில் மட்டும் மை வேறு நிறம் என்பது இரண்டு. பதிவேட்டுப் பெட்டியின் சாவியை அன்றிரவு உதவியாளர் வாங்கினார் என்று சமையல்காரர் சொல்வது மூன்று. இறந்த நேரத்துக்கும் இதேபோல மூன்று. பத்துத் துப்பு என்று நான் சொன்ன கணக்கு இப்படித்தான் வந்தது, மூன்று கேள்விகளுக்கு மூன்று மூன்று, திசைதிருப்ப ஒன்று. திசைதிருப்ப ஒன்றுக்கு மேல் இப்போது வேண்டாம். உண்மையான துப்பையே பலர் சந்தேகப்படுவார்கள், பொய்த்துப்பை நீங்கள் தனியாக உற்பத்தி செய்ய வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை.

ஓவியத்தில் துப்பு வைக்கிறீர்கள் என்பதால் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கேமில் கொலையாளி இடதுகைக்காரர். ஒரு அறையின் ஓவியத்தில் மைக்குப்பியும் பேனாவும் மேசையின் இடதுபக்கம் இருக்கும், அதுதான் துப்பு. வெளியீட்டுக்குப் பத்து நாள் முன்பு திரையில் பட்டன்களுக்கு இடம் போதவில்லை என்று அந்த ஓவியத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். பார்க்க இன்னும் அழகாகத்தான் இருந்தது, யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. கேம் வெளிவந்தது. கவனமாக விளையாடியவர்கள் எல்லோரும் தவறான ஆளைக் குற்றம்சாட்டினார்கள், அவசரமாக விளையாடியவர்கள் குருட்டாம்போக்கில் சரியாக அழுத்தினார்கள். 'நான் அந்த மேசையை அவ்வளவு நேரம் பார்த்தேனே' என்று ஒருவர் எழுதியது இன்னும் மனதில் நிற்கிறது. நம்மை நம்பி உற்றுப் பார்த்தவரைத்தான் நாம் ஏமாற்றியிருந்தோம். தப்பு ஓவியர்மேல் இல்லை, அந்த மைக்குப்பி துப்பு என்பதை நான் யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு துப்புக்கும் ஒரு வரிசை, அது எந்தப் படத்தில் அல்லது எந்த டயலாக்கில் இருக்கிறது, எந்த முடிவுக்கு உதவுகிறது, எதை மாற்றினால் அது செத்துவிடும். உங்கள் பதிவேட்டுக்கு அந்தக் கடைசிக் கட்டத்தில் 'ஃபான்ட் மாற்றினால்' என்று இன்றே எழுதுங்கள். கையெழுத்தை ஃபான்டாக வைத்தால் ஏழில் கோடு எல்லா இடத்திலும் வரும், அல்லது எங்குமே வராது. அந்தப் பக்கம் ஓவியமாகத்தான் இருக்க வேண்டும்.

புரோகிராமருக்கு இரண்டே விஷயம். டயலாக்கை நேராக புரோகிராமுக்குள் எழுதவே கூடாது. இங்க், யார்ன் ஸ்பின்னர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன, எழுத்து தனி ஃபைலில் இருந்தால் நீங்கள் ஒரு வரி திருத்துவதற்கு அவர் தூக்கத்திலிருந்து எழ வேண்டியதில்லை. இரண்டாவது, வரிசை சுதந்திரமாக இருக்கும் கேமில் வரும் மிக மோசமான பக் (புரோகிராம் பிழை), விளையாடுபவர் இன்னும் பார்க்காத ஒன்றைப் பற்றித் துப்பறிவாளர் பேசுவது. பதிவேட்டைத் திறக்காதவரிடம் 'அந்த நான்கு மணிப் பதிவு' என்று வந்தால் மர்மம் அங்கேயே உடைந்துவிடும். ஒவ்வொரு துப்புக்கும் பார்த்தாயிற்றா இல்லையா என்று ஒரு குறி, ஒவ்வொரு வரிக்கும் எந்தக் குறி தேவை என்ற நிபந்தனை. அப்புறம் தேர்வுகளைத் தன்போக்கில் அழுத்திக்கொண்டே போகும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை எழுதி இரவு ஓடவிடச் சொல்லுங்கள், எங்கே முட்டி நிற்கிறது என்று காலையில் தெரிந்துவிடும்.

நாட்களைப் பிரிப்பது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வாரக் கடைசியில் ஓவியத்துக்குப் பதில் சாம்பல் நிறக் கட்டங்களோடு, அசிங்கமான எழுத்தோடு, தொடக்கத்திலிருந்து அந்த மூன்று கேள்வித் திரைவரை ஓடும் பில்ட், அதாவது விளையாடிப் பார்க்கக்கூடிய வடிவம் ஒன்று கையில் இருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த மூன்று வாரம் எழுத்தும் ஓவியமும். ஐந்தாவது வாரம் வெளியாட்கள் விளையாடுவதைப் பார்க்க. ஆறாவது வாரத்தில் புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது, பக் திருத்துவது மட்டும், கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே ஒருமுறை சமர்ப்பித்துப் பாருங்கள்.

இரவு விழிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வேறு வகை கேமில் களைத்துப்போய் எழுதினால் வரி மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். துப்பறியும் கேமில் களைத்துப்போய் எழுதினால் சமையல்காரர் ஒரு இடத்தில் இரண்டு மணி என்பார், இன்னொரு இடத்தில் மூன்று மணி என்பார், விளையாடுபவர் அதைப் பெரிய துப்பு என்று நினைத்து ஒரு மணி நேரம் அதன் பின்னால் அலைவார். நீங்கள் தூக்கக் கலக்கத்தில் விட்ட பிழைக்கும் குற்றவாளி சொன்ன பொய்க்கும் அவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. மூன்று பேரும் தூங்குங்கள்.

கதையை வெட்டினால் கேம் செத்துவிடுமோ என்ற பயத்துக்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை, நீங்களே சோதித்துப் பார்த்துவிடலாம், அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். பத்துத் துப்பையும் பத்துத் தாளில் எழுதுங்கள். பதிவேட்டுப் பக்கத்தையும் சாமான் பட்டியலையும் ஓவியர் கையால் வரைந்து தரட்டும், ஏழில் கோட்டோடு. நான்கு பேர் சொல்வதையும் நான்கு தாளில். இந்தக் கதையைக் கேட்டே இராத ஒருவரைக் கூட்டிவந்து மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பி, மூன்று கேள்விகளையும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். உதவி செய்யக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது, அவர் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. எந்தத் தாளை முதலில் எடுக்கிறார், எதை இரண்டாவது முறை எடுக்கிறார், முதலில் யார் பெயரைச் சொல்கிறார், எந்த இடத்தில் குரல் மாறுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கே ஒருவர், இந்த வாரத்துக்குள் ஐந்து பேர். பதிவேட்டை அவர் மறுபடி கையில் எடுத்து, பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து, விரலை அந்த ஏழின்மேல் வைக்கிறாரா என்று பாருங்கள்.

வைத்தார் என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வைக்கவில்லை என்றாலும் அந்த ஐந்து பேர் முதலில் சொன்ன பெயர்களை அனுப்புங்கள், எங்கே வழி தப்புகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.